வீட்டில் தடித்த இரும்பை வெட்டும்போது வரும் தொல்லைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கிரைண்டர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தண்ணீர்ப் பந்தலுக்குக் கால் நிறுத்த அடித்தகடு வேண்டும், குறுக்குச் சட்டம் வேண்டும், எல்லாவற்றையும் அளவாக வெட்டி லோரியில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நாள்களில் மாலை ஆறு மணிக்கு மேல் யாராவது ஒருவர் என் வீட்டு கேட்டருகே வந்து நிற்பார். "அண்ணே, டிஸ்க் ஓடுது, இரும்பு இறங்க மாட்டேங்குது." மற்ற மாதங்களில் வேலை வேறு. கடல் காற்றில் துருவேறிய கேட் கீல், யாரோ விட்டுப்போன ஐ-பீம் துண்டு, பாராங் (வெட்டுக்கத்தி) அடிக்க லோரி ஸ்பிரிங் பட்டை. தொல்லைகள் மட்டும் அதே ஏழெட்டுதான். திரும்பத் திரும்ப அவற்றையே சரிசெய்ததில் எழுதியது இது.

தடித்த இரும்பு என்று நான் சொல்வது 6 முதல் 20 மில்லிமீட்டர் வரை உள்ள தகடு, பட்டை, ஆங்கிள் (எல் வடிவச் சட்டம்), 25 மில்லி வரை உள்ள கம்பி. கருவி, எல்லா வீட்டிலும் இருக்கக்கூடிய 4 அங்குல கிரைண்டர், ஹேக்சா, டிரில், இரண்டு நல்ல கிளாம்ப். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

## எந்தத் தொல்லையானாலும் முதலில் இது

கண்ணாடி, அதற்கு மேல் முகக்கவசம், காதடைப்பு, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி. நைலான் ஜெர்சி வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தால் மாட்டிவிட்டு வாருங்கள், பக்கக் கைப்பிடியையும் சேர்த்து. இந்த இரண்டும் இல்லாத கிரைண்டரை நான் கையில் வாங்குவதே இல்லை.

பொறி போகும் பக்கத்தில் கேஸ் தோங் (சிலிண்டர்), தின்னர், பெயிண்ட் டப்பா, காய்ந்த அட்டை எதுவும் இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டுக் காரையும் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். பொறி கார்க் கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாக உருகிப் பதிந்துவிடும், துடைத்தால் போகாது. வேலை முடிந்து அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். பலகைத் தூளுக்குள் விழுந்த பொறி உடனே காட்டிக்கொள்ளாது.

எடையையும் மனதில் வையுங்கள். 12 மில்லித் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 94 கிலோ. 30 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டினால் அதுவே எட்டரைக் கிலோ. வெட்டு முடியும் கணத்தில் அது எங்கே விழும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

## டிஸ்க் சுற்றுகிறது, இரும்பு இறங்கவில்லை

மின்சாரத்தை நிறுத்தி, டிஸ்க் லேபிளைப் படியுங்கள். போன மாதம் டைல் வெட்ட மாட்டிய வைர டிஸ்க் அப்படியே இருக்கும். அல்லது கல்லுக்கான டிஸ்க். அல்லது 6 மில்லி தடிமனான தேய்க்கும் டிஸ்க்கை வெட்டும் டிஸ்க் என்று நினைத்து மாட்டியிருப்பார்கள். இரும்புக்கு 1 முதல் 1.6 மில்லி வரை உள்ள கட்டிங் டிஸ்க் வேண்டும். என்னிடம் வருவோரில் பலருக்கு இங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

லேபிள் சரி என்றால் டிஸ்க்கின் ஓரத்தைப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்க வேண்டிய ஓரம் கண்ணாடி போல மின்னுகிறதா? அப்படியானால் மணல் மழுங்கி மேலே மூடிக்கொண்டிருக்கிறது. இரும்பைத் தொட்டும் தொடாமலும் நெடுநேரம் உரசினால் இப்படி ஆகும். ஒரு மெல்லிய ஆங்கிளின் ஓரத்தில் இரண்டு மூன்று வினாடி கொஞ்சம் அழுத்தி வெட்டுங்கள். மழுங்கிய தோல் உதிர்ந்து புது மணல் வெளியே வரும். பிறகு பழைய வெட்டுக்குத் திரும்புங்கள்.

மறுபடியும் மினுங்குகிறது என்றால் உங்கள் கையைக் கவனியுங்கள். தகட்டின் மேல் டிஸ்க்கை ஒரே இடத்தில் ஆழமாக அமுக்கிப் பிடித்தால் டிஸ்க்கும் இரும்பும் நீளமாகத் தொடும், அழுத்தம் பரவிப்போய் எங்கேயும் கடிக்காது. கோட்டின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லி மட்டும் இறக்குங்கள். கிரைண்டரின் சொந்த எடையும் அதற்கு மேல் கொஞ்சம் கையும் போதும். சத்தம் தாழ்ந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். தடித்த கம்பி என்றால் ஒரே பக்கம் நின்று இறக்காமல் கம்பியைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் வெட்டுங்கள்.

இதற்கும் மசியவில்லையா? இரும்பைச் சோதியுங்கள். ஒரு அரத்தை எடுத்து ஓரத்தில் தேயுங்கள். அரம் கடித்துத் தூள் வந்தால் சாதாரண இரும்பு. பனிக்கட்டியில் வழுக்குவது போல வழுக்கினால் கெட்டியாக்கிய உருக்கு. லோரி ஸ்பிரிங் பட்டையில் ஹேக்சாவின் பல் போய்விடும், கிரைண்டர் டிஸ்க் வெட்டும். அங்கே ஹேக்சாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். காந்தத்தையும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் பளபளவென்று இருந்தால் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. அதற்குரிய டிஸ்க்கில் 'இனாக்ஸ்' என்று அச்சிட்டிருக்கும், அதை வாங்குங்கள். பொறியும் சொல்லும். சாதாரண இரும்பில் பொறி மஞ்சளாக நீண்டு பறக்கும், கரி அதிகமுள்ள உருக்கில் நுனியில் பூப்போல வெடித்துச் சிதறும், வார்ப்பிரும்பில் செம்மையாகக் குட்டையாக விழும்.

கடைசியாக கிரைண்டரையே சந்தேகியுங்கள். வெற்றாக ஓடும்போது நன்றாகச் சுற்றி, தொட்டவுடன் சோர்ந்து போனால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம். கீழே மின்சாரப் பகுதியில் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். இரண்டு புது டிஸ்க் தீர்ந்தும் சில மில்லிதான் இறங்கியிருக்கிறது என்றால் அங்கே நிறுத்தி, துண்டைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

## டிஸ்க் வெட்டுக்குள் சிக்குகிறது, கிரைண்டர் உதைக்கிறது

எல்லாத் தொல்லையிலும் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான்.

போன வருடம் எதிர் வீட்டுத் தம்பி 12 மில்லித் தகட்டை இரண்டு செங்கல்லின் மேல் வைத்து நடுவில் வெட்டிக்கொண்டிருந்தார். செங்கல் இரண்டும் தகட்டின் இரண்டு முனையில். பாதி ஆழம் வரை நல்ல சத்தம், நல்ல பொறி. அப்புறம் அந்தக் கூர்மையான கீச்சொலி மெல்லத் தடித்து உறுமலாக மாறியது. நான் தெருவைக் கடந்து போவதற்குள் கிரைண்டர் அவர் தோள் பக்கமாகத் துள்ளிவிட்டது. இடது கை பக்கக் கைப்பிடியில் இருந்ததால் தப்பித்தார், சட்டைத் தோள் மட்டும் கிழிந்தது. நடந்தது என்னவென்றால், இரண்டு முனையிலும் தாங்கிய தகடு நடுவில் தன் எடையிலேயே தொய்ந்தது. தொய்ந்ததும் மேலே திறந்திருந்த வெட்டு வாய் மூடியது. மூடிய வாய் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டது. செங்கல்லை எடுத்து, வெட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கோட்டை ஒட்டியே வைத்தேன். ஒரு பக்கத்தை கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மீதியை அவரே வெட்டி முடித்தார்.

ஆக முதல் சோதனை தாங்கல்தான். வெட்டு நடக்க நடக்க வாய் திறந்துகொண்டே போக வேண்டும். வேண்டிய பக்கத்தை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, கழிவுத் துண்டு மேசைக்கு வெளியே தொங்கும்படி வைத்தால் வாய் தானாகவே திறக்கும். தொங்கும் துண்டு பெரிதாக இருந்தால் முடியும் தறுவாயில் கிழிந்து விழும், ஆகவே அதற்கு அடியில் கொஞ்சம் தாழ்வாக ஒரு கட்டை கொடுங்கள். காலால் மிதித்துக்கொண்டு வெட்டுவது பிடிப்பு ஆகாது. அப்படி வெட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் போய் நிறுத்துகிறேன்.

வாய் மூடுகிறதா என்று அறிய ஒரு எளிய வழி. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கிரைண்டரை நிறுத்திவிட்டு, பழைய ஹேக்சா பிளேடு ஒன்றை வெட்டுக்குள் விட்டு நீள இழுங்கள். பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.65 மில்லி, 1.2 மில்லி டிஸ்க் போட்ட வெட்டில் அது தடையில்லாமல் ஓட வேண்டும். எங்கேயாவது இறுகினால் அந்த இடத்தில் வாய் மூடிக்கொண்டு வருகிறது. தாங்கலை மாற்றுங்கள், அல்லது வெட்டின் தொடக்கத்தில் ஒரு மெல்லிய இரும்பு ஆப்பைத் தட்டிச் செருகுங்கள். சி-சேனல், ஐ-பீம் போன்றவற்றில் தாங்கல் சரியாக இருந்தும் வாய் மூடலாம். உருட்டித் தயாரிக்கும்போதே உள்ளே தங்கிய இறுக்கம் வெட்டும்போது அவிழ்கிறது. அங்கே ஆப்பு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

தாங்கல் சரி, ஆனாலும் உதைக்கிறதா? நகர்த்தும் திசையைப் பாருங்கள். டிஸ்க் தொடும் இடத்திலிருந்து பொறி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கமாகவே கிரைண்டரை நகர்த்துங்கள். அப்போது கிரைண்டர் உங்கள் கையை எதிர்த்து நிற்கும், கட்டுப்பாடு உங்களிடம் இருக்கும். எதிர்ப்பக்கம் நகர்த்தினால் அது தானே ஏறி ஓடப் பார்க்கும்.

வெட்டுக்குள் டிஸ்க்கை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடாதீர்கள். வெளியே முழு வேகம் வரட்டும், பிறகு மெல்ல உள்ளே இறக்குங்கள். டிஸ்க்கைப் பக்கவாட்டில் திருகி வெட்டை நேராக்கவும் பார்க்காதீர்கள். எப்போதும் டிஸ்க் சுற்றும் தளத்துக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். உதைத்தாலும் உடைந்தாலும் அந்தத் தளத்தில்தான் வரும்.

தலைக்கு மேலே, ஏணியில் நின்று, அல்லது ஏதோ ஒரு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் இரும்பை வெட்ட வேண்டியிருந்தால் அது உங்கள் வேலை அல்ல. ஆளைக் கூப்பிடுங்கள்.

## டிஸ்க் பிளக்கிறது, அல்லது நெய்யாகக் கரைகிறது

டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். அது காலாவதித் தேதி. பிசினில் கட்டிய டிஸ்க்குக்கு, செய்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கணக்கு. பினாங்கு ஈரத்தில், மழைச் சாரல் படும் கார் போர்ச்சில் கிடந்த டிஸ்க்கை அந்தத் தேதிக்கு முன்பே தூக்கிப் போடுகிறேன். டிஸ்க்கை மூடியுள்ள டப்பாவில், படுக்கையாக, காய்ந்த இடத்தில் வையுங்கள். மூலையில் சின்னச் சில்லு போயிருந்தாலும் அதை மாட்ட வேண்டாம். ஒரு டிஸ்க் சில வெள்ளி (ரிங்கிட்) தான்.

தேதி நன்றாக இருந்தும் பிளந்தால் இறுக்கும் தட்டுகளைப் பாருங்கள். உள்தட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் டிஸ்க் ஆடும். துடைத்து மாட்டி, வெற்றாக அரை நிமிடம் ஓட விட்டு ஓரத்தைக் கவனியுங்கள். இன்னும் ஆடினால் ஸ்பிண்டில் (டிஸ்க் மாட்டும் தண்டு) வளைந்திருக்கலாம். அது கீழே விழுந்த கிரைண்டர். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

வேகமாகக் கரைகிறது என்றால் 1 மில்லி டிஸ்க்கில் தடித்த தகட்டை ஒரே மூச்சில் இறக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். 12 மில்லிக்கு மேல் நான் 1.6 மில்லி டிஸ்க்கைத்தான் எடுப்பேன். வெட்டு கொஞ்சம் அகலம், பொறி கொஞ்சம் அதிகம், ஆனால் வளையாது. பெயிண்டும் தடித்த துருவும் டிஸ்க்கைத் தின்னும், கோட்டின் மேல் மட்டுமாவது கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். கல்வனைஸ் பூச்சு உள்ள இரும்பு என்றால் காற்றோட்டமான இடம் வேண்டும். சூட்டில் எழும் துத்தநாகப் புகையை நிறையச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சல் போலக் குளிர் எடுக்கும்.

## ஆழம் போதவில்லை

4 அங்குலப் புது டிஸ்க்கிலும் நடுத்தட்டும் கியர் தலையும் இடிக்கும் வரை கிடைப்பது 25 முதல் 30 மில்லிதான். டிஸ்க் தேயத் தேய அதுவும் குறையும். ஆகவே தேய்ந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் மேல்கோடு கீறவும், புது டிஸ்க்கை ஆழத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு என்றால் மறுபக்கத்திலிருந்து வெட்டுங்கள். இதற்குக் கோட்டை இரண்டு பக்கமும் சரியாகப் போட வேண்டும். மேல்கோட்டின் இரு முனையிலிருந்தும் மூலைமட்டம் வைத்து ஓரத்தில் இறக்கி, அடியில் இணைத்துவிடுங்கள். 12 மில்லித் தகட்டில் நான் மேலே 5, கீழே 5 வெட்டி, நடுவில் இரண்டு மில்லியை விட்டுவிடுவேன். பிறகு கிளாம்ப் போட்டு இரண்டு தடவை மேலும் கீழும் வளைத்தால் முறிந்துவிடும். சிக்குவதும் இல்லை, கடைசித் துண்டு எகிறுவதும் இல்லை.

இங்கே ஒரு தப்பைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆழம் போதவில்லை என்று காப்பு மூடியைக் கழற்றிவிட்டு 4 அங்குல கிரைண்டரில் 7 அங்குல டிஸ்க்கை மாட்டுகிறார்கள். 7 அங்குல டிஸ்க்கில் நிமிடத்துக்கு 8,500 சுற்று என்று உச்ச வேகம் அச்சிட்டிருக்கும். உங்கள் சின்ன கிரைண்டர் 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். டிஸ்க்கின் ஓரம் வினாடிக்கு 80 மீட்டர் வேகத்துக்குச் செய்யப்பட்டது, நீங்கள் அதை 100 மீட்டருக்கு மேல் சுழற்றுகிறீர்கள். அது வெடித்தால் முன்னால் மூடியும் கிடையாது. ஆழம் வேண்டுமென்றால் 7 அங்குல கிரைண்டரை வாடகைக்கு எடுங்கள், அல்லது ஹேக்சாவால் மீதியை முடியுங்கள்.

## வெட்டு கோணலாகப் போகிறது

சுண்ணாம்புக் கோட்டை நம்பினால் இப்படித்தான் ஆகும், முதல் பொறியிலேயே அது அழிந்துவிடும். ஊசிக் கீறலும் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு பஞ்ச் குறியும் போடுங்கள். நேரான ஆங்கிள் ஒன்றைக் கோட்டை ஒட்டிக் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டி முதல் ஒரு மில்லியை முழு நீளத்துக்கும் கீறுங்கள். அந்தக் கீறலே அடுத்த சுற்றுகளுக்குத் தடம். டிஸ்க்கின் தடிமன் கோட்டின் கழிவுப் பக்கம் விழ வேண்டும், இல்லையென்றால் துண்டு ஒன்றரை மில்லி குறையும். வளைவு வெட்டக் கட்டிங் டிஸ்க் ஆகாது. நேர் வெட்டுகளாக வளைவுக்கு வெளியே வெட்டி, மீதியைத் தேய்த்துக் கொண்டுவாருங்கள்.

## இரும்பு நீலமாகிறது, தகடு வளைகிறது

டிஸ்க் மழுங்கியிருக்கிறது, அல்லது ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். முழு நீளமும் மாறி மாறிச் சென்று, நடுநடுவே ஆற விடுங்கள். சாதாரண இரும்பில் தண்ணீர் ஊற்றி ஆற வைக்கலாம், கிரைண்டரை அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு. லோரி ஸ்பிரிங் பட்டையில் மட்டும் வேண்டவே வேண்டாம். சிவந்த ஓரத்தில் தண்ணீர் பட்டால் அது கண்ணாடி போலக் கெட்டியாகி, பிறகு பாராங் ஆக்கும்போது அந்த இடத்தில் விரியும்.

## கிரைண்டர் சூடாகிறது, புகை வாசம், மின்சாரம் துண்டிக்கிறது

மெயின் பெட்டியைத் திறந்து எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் கிரைண்டரைக் குறை சொல்கிறார்கள்.

விழுந்தது இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்றால் எங்கோ கசிவு. ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன், அறுந்த ஒயர், அல்லது கிரைண்டருக்குள் சேர்ந்த இரும்புத் தூள். ஒயரை முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள், பிளக்கை உருவிவிட்டு. காற்றோட்டத் துளைகளில் காற்றடித்துத் தூளை வெளியே தள்ளுங்கள். காய்ந்த இடத்தில் வேறொரு சாக்கட்டில் போட்டும் விழுகிறது என்றால் கிரைண்டரைப் பழுதுக்குக் கொடுங்கள். இ.எல்.சி.பி.யைக் கட்டிவைத்துவிட்டு வேலை செய்வதை நான் எந்த அவசரத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விழுந்தது சின்ன சுவிட்ச் என்றாலோ பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் போனாலோ சுமை அதிகம். அதே வரிசையில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். சுருள் எக்ஸ்டென்ஷன் என்றால் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுருட்டியிருக்கும்போது எவ்வளவு, அவிழ்த்தால் எவ்வளவு என்று அதிலேயே இரண்டு எண் போட்டிருக்கும்.

எதுவும் விழவில்லை, கிரைண்டர்தான் சூடாகிறது என்றால் இரண்டு நிமிடம் வெற்றாக ஓட விடுங்கள், உள்விசிறி ஆற்றிவிடும். காற்றுத் துளை வழியே தீவட்டி போலப் பெரிய பொறி தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ஐந்தாறு மில்லிக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து. பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் ஹார்ட்வேர் கடை தவுக்கே (முதலாளி) அதே அளவு எடுத்துத் தருவார். மாற்றியும் எரிந்த வாசம் வந்தால் மோட்டார்ச் சுருள் போய்விட்டது. சின்ன கிரைண்டருக்குச் சுருள் கட்டும் கூலியைக் கேட்டுவிட்டு, புதியது வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

## ஹேக்சா வழுக்குகிறது, பல் போகிறது

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு கிரைண்டர் சரிப்படாது. பொறி கீழ் வீட்டுத் துணியில் விழும், சத்தம் எல்லா மாடிக்கும் போகும். அவர்களுக்கு ஹேக்சாதான் துணை. 20 மில்லிக் கம்பியைக் கூட நிதானமாக அறுத்துவிடலாம்.

பல் முன்னோக்கி இருக்கிறதா பாருங்கள். அம்புக்குறி கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் காட்ட வேண்டும். பிளேடை விரலால் சுண்டினால் டிங் என்று கேட்கும் அளவுக்கு முறுக்குங்கள். தடித்த இரும்புக்கு அங்குலத்துக்கு 18 பல், மெல்லிய குழாய்க்கு 24 அல்லது 32. எப்போதும் மூன்று பல்லாவது இரும்பில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை, பிளேடின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, தள்ளும்போது மட்டும் அழுத்தி. வேகமாக அடித்தால் பல் சூடேறி மழுங்கும். பைமெட்டல் பிளேடு கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள், எளிதில் முறியாது.

பாதியில் பிளேடு மழுங்கிப் புதியதை மாட்டினால் பழைய வெட்டுக்குள் அது போகாது. தேய்ந்த பிளேடின் தடம் குறுகலானது. திணித்தால் புதுப் பல்லும் போகும். இரும்பைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

## துளை வரிசை போட்டால் டிரில் கத்துகிறது, கடிக்கவில்லை

தகட்டின் நடுவில் சதுரம் எடுக்க வேண்டும் என்றால் துளை வரிசைதான் வழி. 6 மில்லித் துளைகளை மையத்துக்கு மையம் 7 மில்லி இடைவெளியில் போட்டு, நடுவில் உள்ள மெல்லிய சுவரை அறுத்துவிடலாம்.

கத்தினால் வேகம் அதிகம். சாதாரண இரும்பில் 6 மில்லி பிட்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 சுற்று, 10 மில்லிக்கு 800. துருப்பிடிக்காத எஃகில் அதில் பாதிக்கும் கீழே. எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள், முதலில் 3 மில்லித் துளை போடுங்கள். சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். பொடியாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது. துருப்பிடிக்காத எஃகில் அழுத்தாமல் சுற்ற விட்டால் அந்த இடமே இறுகிவிடும், பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. மறுபக்கம் வெளியேறும் நொடியில் பிட் கவ்வித் தகட்டையே சுழற்றும், ஆகவே டிரில்லுக்கும் கிளாம்ப் கட்டாயம்.

## கண்ணில் தூள் விழுந்தால்

தேய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். அப்படியும் உறுத்தினால், அல்லது வேகமாகப் பறந்து வந்து பட்டிருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கருவிழியில் அந்தத் தூளைச் சுற்றித் துரு வளையம் படியும். பருத்தித் துணியாலோ காந்தத்தாலோ வீட்டில் எடுக்க யாரையும் விடாதீர்கள். தீ பிடித்தால் 999.

## எப்போது பட்டறைக்கு

மூடிய எதையும் வீட்டில் வெட்டாதீர்கள். எண்ணெய்த் தோங், கேஸ் தோங், பெட்ரோல் தொட்டி, இரண்டு முனையும் அடைத்த குழாய். காலியாக இருக்கிறது, பல வருடம் கிடந்தது என்று சொல்வார்கள். உள்ளே மீந்த ஆவிக்கு ஒரு பொறி போதும்.

20 மில்லிக்கு மேல் தடிமன், அல்லது 12 மில்லித் தகட்டில் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் என்றால் டிஸ்க் செலவும் உங்கள் இடுப்பும் பட்டறைக் கூலியை மிஞ்சும். பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இரும்புப் பட்டறைகள் நிறைய உண்டு. சாதாரண இரும்பைக் கேஸ் கட்டிங்கில் சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். துருப்பிடிக்காத எஃகைக் கேஸ் வெட்டாது, பிளாஸ்மா அல்லது லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். வளைவும் துல்லியமும் வேண்டும் என்றால் லேசர்.

புதிதாக இரும்பு வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் எளிது. இரும்புக் கடையிலேயே அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள், 6 மீட்டர் நீளத்தை வீட்டுக்கு இழுத்து வரத் தேவையில்லை. போகும்போது தடிமன், நீளம், எத்தனைத் துண்டு, எந்த ஓரம் நேராக இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் படம் வரைந்து கொண்டுபோங்கள். பந்தல் அடித்தகடு என்றால் போல்ட் துளையின் அளவையும் அதிலேயே குறித்துவிடுங்கள், துளையையும் அவர்களே போட்டுத் தந்துவிடுவார்கள்.